ஆதிலிங்கத்தின் அறை

ஒன்று என்று இருந்ததை இரண்டு என்று மாற்றி என்டரைத் தட்டினான் ரெஜின். மேல் அம்பு, இரண்டை அழித்து ஒன்று, என்டர். ப. ஆதிலிங்கம், மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, விடுதி அறை ஒன்று. ப. ஆதிலிங்கம், மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, விடுதி அறை இரண்டு. யார் இந்த ஆதிலிங்கம், கறுப்பா சிவப்பா, ஒன்றும் தெரியாது. பட்டியலில் முதல் ஆள், அவ்வளவுதான். கல்லூரியில் மிச்சம் இருக்கிற நாற்பது சொச்சம் பேரில் முதல் ஆள். மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். போய்விட்டார்கள் என்றால் செத்துப்போகவில்லை, கேன்டீனில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள், மைதானத்தில், காற்றாலைக் காற்றாடிகளைச் சுற்றவைக்கிற காற்றில் பந்து எங்கேயோ போக அதன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சர்வரில் இருக்கிற பெயர் அட்டவணையில் அவர்கள் இல்லை. எந்த லேபில் எந்த மெஷினில் உட்கார்ந்து பெயரும் பாஸ்வேர்டும் அடித்தாலும் அந்த மெஷின் ஓடிப்போய்க் கேட்பது அந்த ஓர் அட்டவணையைத்தான், இவன் நம்ம ஆளா என்று. ஆமாம் என்றால் கதவு திறக்கும். இல்லை என்றால் இல்லை. இப்போது பிரின்சிபாலைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லும். சுயம்பு அண்ணனைக் கேட்டாலும் இல்லை. ரெஜினைக் கேட்டாலும் இல்லை. அழித்தது ரெஜின்தான். மேல் அம்பு. ஒன்றை அழித்து இரண்டு. என்டர்.

நேற்று ஏற்றியது மெஷின்களின் பெயர் அட்டவணை. அதில் மொத்தப் பட்டியலும் கோப்பில் இருந்தது, அதனால் பழையதை வழித்துப் போட்டுவிட்டுப் புதியதை வை என்கிற கட்டளை. அது சரி. இன்று வந்த கோப்பில் டிப்ளமா முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் மட்டும். இவர்களைப் பழைய ஆட்களோடு சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு வேறு கட்டளை. அது அவனுக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால்கூட ஒரு மாதிரி நிம்மதியாக இருந்திருக்கும். தெரிந்த கைதான் மேல் அம்பை அழுத்தியது. நேற்றைய வரி முழுசாக வந்து நின்றது, கோப்புப் பெயரையும் அட்டவணைப் பெயரையும் மாற்றினால் போதும் என்று நினைத்தான், மாற்றினான், தட்டினான். சீக்கிரம் முடிந்தது. எனக்கு வேலை எவ்வளவு சீக்கிரம் ஓடுகிறது பார் என்று ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. சரி, ஏறியதா பார்ப்போம் என்று அட்டவணையைத் திறந்தான். எப்போதும் ஓடி ஓடித் தீராத அட்டவணை ஒரே திரையில் முடிந்துவிட்டது. அடியில் வெறும் கறுப்பு. காதுக்குள் ஙொய் என்று ஒரு சத்தம் அப்போது ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. ஏசி தலைக்கு மேல் ஊதுகிறது, சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது. என்டர். இரண்டை அழித்து ஒன்று. என்டர்.

சுயம்பு அண்ணன்தான் இங்கே சிஸ்டம் அட்மின், ரெஜின் அவருக்குக் கையாள். இன்று அவர் மகளுக்குக் காதுகுத்து, உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் சாஸ்தா கோயிலில். போன் எடுத்தபோது பின்னால் மேளம், அதற்கும் பின்னால் பிள்ளை வீறிடுவது. "அண்ணே, பேரு டேபிள் போச்சு." "எங்க போச்சு?" "நேத்துள்ள கமாண்டைப் போட்டுட்டேன். வழிச்சிட்டு." ஏசுவார் என்று காத்திருந்தான். ஏசவில்லை. ஏசியிருந்தால் இது ஏசித் தீர்கிற விஷயம் என்று ஆகியிருக்கும். "பேக்கப் டேப்புல இருக்குமாண்ணே?" "டேப் டிரைவு ஆடி மாசத்துல இருந்து படுத்துக் கிடக்குல்லா. கரெஸ்பாண்டென்ட்கிட்ட ரெண்டு மட்டம் சொல்லியாச்சு." பிறகு அவர் குரல் தணிந்தது, கோயில் சுவர் ஓரமாக நகர்ந்திருப்பார். "கேளு மக்கா. புது பிளாக்குல நகல் சர்வர் இருக்குல்லா, அதுல பழசு அப்படியே இருக்கும். நம்ம மெயின் சர்வர் மாத்தினதை உடனே போய் அதுகிட்ட சொல்லாது. ரெண்டு நிமிஷம் ஆரும் ஒண்ணையும் தொடாம சும்மா கிடந்தாத்தான், சரி வேல முடிஞ்சுன்னு நெனச்சி நகலைக் கூப்பிட்டுச் சொல்லும். சொல்லியாச்சுன்னா அங்கயும் போயிரும். போச்சுன்னா வேற எங்கயும் கெடையாது. அதனால அதைச் சும்மா கெடக்க விடாத. எவனாவது ஒருத்தன்கிட்ட எதையாவது மாத்து. பேசிக்கிட்டே மாத்து. மாத்துறியா?" அப்படித்தான் ஆதிலிங்கம் அகப்பட்டான்.

சர்வர் ரூமைத் திறந்து அங்கேயே வயரை உருவிவிட்டால் என்ன என்று கேட்டான். "சாவி என் இடுப்புல கிடக்கு மக்கா." சர்வரையே நிறுத்திவிட்டால்? "ரெண்டாவது லேபுல எக்ஸ்டர்னல் வந்து பிராக்டிகல் நடத்திக்கிட்டு இருக்காரு. ஏற்கெனவே உள்ள போனவன் உள்ளயே இருப்பான். நீ நிறுத்தினா அத்தன பேரையும் வெளிய தள்ளிரும், பாதி எழுதினதோட." மாற்றுகிற வேலையை ஒரு சின்ன புரோகிராம் எழுதி அதன் தலையில் கட்டிவிடட்டுமா? "நீ இன்னிக்கி எழுதினது போதும்டே. கையால அடி. தங்கபுஷ்பத்தைப் புது பிளாக்குக்கு அனுப்பு, நகலுக்குப் போற வயரைப் புடுங்கச் சொல்லு. புடுங்கியாச்சுன்னு அவ சொல்லுகது வரைக்கும் நீ கைய நிப்பாட்டாத. வேற ஒண்ணும் நீ செய்யாண்டாம். நான் வண்டிய எடுத்துட்டு வாறேன்." யாரோ "என்ன மாப்ள, ஆசாரி ஊசியோட நிக்காரு, நீ போனோட நிக்க" என்றார்கள். போன் அறுந்தது. லேப் அட்டெண்டர் தங்கபுஷ்பம் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, "நீல வயர்தானே தம்பி" என்று கேட்டுவிட்டுப் போனாள். நீலம்தான் என்று சொல்லிவிட்டான். போன மாதம் பார்த்தபோது நீலமாகத்தான் இருந்தது. இருந்ததா? மஞ்சளும் ஒன்று இருந்த மாதிரி. என்டர். ஆதிலிங்கம் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகிறான். என்டர். மறுபடியும் சுருட்டுகிறான்.

அக்கா எவ்வளவு தூரம் போயிருப்பாள். லேபுக்கு வெளியே படி, படிக்குக் கீழே சைக்கிள் ஸ்டாண்ட், அப்புறம் மைதானம். மைதானத்தைக் குறுக்காகத் தாண்டினால் சீக்கிரம், ஆனால் ஆரல்வாய்மொழிக் காற்று இந்த மாதம் ஆளையே தள்ளும், அக்கா சேலையைப் பிடித்துக்கொண்டு சுற்றித்தான் போவாள். வழியில் ஒருத்தியைப் பார்த்தால் நிற்பாள். நிற்காதே அக்கா. காலில் ஆணி என்று போன வாரம் சொன்னாளே, அதைக் காட்டி லிஃப்டுக்குக் காத்து நின்றால். புது பிளாக்கில் லிஃப்ட் ஓடுகிறதா. தானே ஓடியிருந்தால் இந்நேரம் பிடுங்கியிருப்பான். ஆனால் அக்காவுக்கு இதை அடிக்கத் தெரியாது. சொல்லிக் கொடுத்திருக்கலாம், மேல் அம்பு, ஒன்று, இரண்டு, இதில் என்ன இருக்கிறது, ஒன்றாங்கிளாஸ் பிள்ளை அடிக்கும். ஏன் தோன்றவில்லை. அக்காவின் கையை நம்பவில்லை, தன் கையை நம்பினான், எந்தக் கையை, இந்தக் கையை. அதைக் குனிந்து பார்த்தான். விரல் நகத்தில் மை, காலையில் சாப்பிட்ட பழத்தின் பிசுக்கு. இந்தக் கைதான். என்டர்.

பிளஸ் டூ பிசிக்ஸ் பரீட்சையிலும் இப்படித்தான், முதல் ஆளாக எழுந்து பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றான். உள்ளே மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள், மடையன்கள் என்று நினைத்தான். கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை என்பது, பின்னால் வந்தவர்கள் பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது. அப்போது இந்தச் சத்தம் காதில் வந்ததா? வந்தது. இதே ஙொய். பெயில் ஆனதில் பெரிய வருத்தம் இல்லை, படிப்பு பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. ஆனால் அப்போது போனது அவன் மார்க், அவனோடு போயிற்று. இது அப்படி இல்லை. கரெஸ்பாண்டென்ட் ரூமில் அண்ணன் அவனைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய அன்றைக்கு, கரெஸ்பாண்டென்ட் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "பிளஸ் டூவே தேறாத பயலை வச்சி காலேஜ் நடத்தச் சொல்லுகீரா" என்றார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "என் பொறுப்பு சார். இவன் ஏதாவது செஞ்சான்னா நான் செஞ்சதா வச்சுக்கிடுங்க" என்றார். அன்றைக்கு அது கேட்க நன்றாக இருந்தது. வெளியே வந்து இரண்டு பேரும் சர்பத் குடித்தார்கள். இப்போது அந்த வாக்கியம் ஒவ்வொரு சொல்லாக வருகிறது. இவன். ஏதாவது. செஞ்சான்னா. காதுகுத்து அன்றைக்கே அண்ணனுக்கு வேலை போகும். பிள்ளைக்கு இரண்டு காதிலும் ரத்தம் காய்வதற்குள். ஒரு காது குத்தியாயிற்றா, மற்றது பாக்கியா, அதற்குள் கிளம்பியிருப்பாரா. ஒரு காதோடு பிள்ளை அழுவது மாதிரி தோன்றியது. என்டர். என்டர் அடித்தானா? திரையைப் பார்த்தான். அறை இரண்டு. அடித்திருக்கிறான். கை தன்பாட்டுக்கு அடிக்கிறது. நல்லது. நல்லதா?

கதவில் தலை. நான்காம் ஆண்டு ஸ்டெபின், பக்கத்து ஊர்க்காரன், இவனைவிட மூன்று வயது பெரியவன். "என்ன அட்மின் சாரே, லாகின் ஆக மாட்டேங்கு. ராங் பாஸ்வேர்டுங்கு. நான் ஒழுங்காத்தான அடிக்கேன்."

"சர்வர் கொஞ்சம் ஸ்லோ."

"ஸ்லோன்னா மெதுவா உள்ள விடணும். இது ஆளே இல்லைங்குல்லா."

"கொஞ்சம் கழிச்சு வாங்க."

"ரெண்டு மணிக்கு எங்க பேட்ச்சுக்கு பிராக்டிகல். வயித்துல புளியக் கரைக்காத, கேட்டியா. நீ என்ன அங்க ஒண்ணையே ஒண்ணையே தட்டிக்கிட்டு இருக்க, கேமா?"

"ஆமா."

"கொடுத்து வச்ச வேல" என்று சொல்லிவிட்டு அவன் போனான். ஆளே இல்லைங்கு. ஸ்டெபினின் பிராஜெக்ட், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தது, ஹார்ட் டிஸ்கில் அப்படியே இருக்கிறது, ஆனால் அது யாருடையது என்று சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பெயருக்குப் பதில் இப்போது வெறும் நம்பர் நிற்கும். எந்த நம்பர் எவன் என்பது அந்த அட்டவணைக்கு மட்டும்தான் தெரியும். சுனாமிக்கு அப்புறம் குளச்சலில் வரிசையாகக் கிடத்தி வைத்திருந்ததை அப்பாவோடு போய்ப் பார்த்தது ஞாபகம் வந்தது, கால் விரலில் கட்டிய அட்டையில் நம்பர், ச்சீ, இதையும் அதையும் சேர்த்து நினைக்காதே, இது வெறும் கம்ப்யூட்டர். வெறும் கம்ப்யூட்டர்தான். மூத்திரம் முட்டுகிறது. எழுந்திருக்க முடியாது. என்டர்.

இன்டர்காம் அடித்தது. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு வலது கையால் அடித்தான். "தம்பி, அலமாரிக்கு வெளிய நின்னு பேசுகேன். கண்ணாடிக்குள்ள பெட்டி தெரியுது. நீல வயரும் இருக்கு, மஞ்ச வயரும் இருக்கு."

"ரெண்டையும் புடுங்கிருங்க அக்கா."

"எப்படிப் புடுங்க? அலமாரி பூட்டிக் கிடக்குல்லா. சாவி வாச்சுமேன்ட்ட இருக்காம். அவரு சாப்பிடப் போயிருக்காரு."

"எங்க?"

"எங்க போவாரு, கேட்டுப் பக்கம் மரத்தடிக்குத்தான். நான் போயி வாங்கிட்டு வாறேன். நீ பதறாத. உன் சத்தமே ஒரு மாதிரி இருக்கு. தண்ணி குடிச்சியா?"

"கண்ணாடிய உடைச்சிருங்க அக்கா."

"நல்லா இருக்கே. உடைச்சிட்டு நாளைக்கு நான் எங்க போவேன்?" அவள் வைத்துவிட்டாள். அண்ணன் இருந்திருந்தால் உடைக்கச் சொல்லியிருப்பாரா. மறுபடி கூப்பிட்டு உடையுங்கள் என்று கத்தியிருக்கலாம், அவள் போய்விட்டாள், ரிசீவரை எடுத்தான், அடித்தான், அங்கே மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இடையில் ஒன்றை அடித்தானா இரண்டை அடித்தானா. அடித்தான். நேரம் இருக்கிறது. இன்னும் அமைதி ஆகவில்லை. சர்வர் ரூமின் பூட்டிய கதவில் உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குள் பச்சை விளக்கு தூங்குகிறவன் மூச்சு மாதிரி எரிந்து எரிந்து அணைகிறது, அது எப்போதும் அப்படித்தான், இன்றைக்குத்தான் அது கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. முடிந்ததா, முடிந்ததா, சொல்லட்டுமா என்று. இல்லை. இன்னும் முடியவில்லை. அறை ஒன்று. இன்னும் முடியவில்லை. அறை இரண்டு.

பாவம் அந்த ஆதிலிங்கம். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் எத்தனை தடவை அறை மாற்றுகிறார்கள். வள்ளியூர்ப் பக்கத்து ஆளாக இருப்பான், அந்தப் பெயர் அங்கேதான் வைப்பார்கள். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் இரும்பை அராவிக் கையெல்லாம் காய்ப்பு, கல்லூரி என்றதும் புதுப் பாய், புதுத் தலையணை உறை, அவன் அம்மா மூலையில் நூலால் பெயர் தைத்துக் கொடுத்திருப்பாள். ஒன்றாம் அறையில் பாயை விரிக்கிறான், படுக்கவில்லை, அதற்குள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், டே உனக்கு இரண்டு. சுருட்டுகிறான். இரண்டில் விரிக்கிறான், டே ஒன்று. மறுபடி சுருட்டுகிறான். ஏன் என்று கேட்க மாட்டான், புதிதாக வந்தவன், கேட்டால் சீனியர்கள் மொட்டை மாடிக்குக் கூப்பிடுவார்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வராந்தாவில் பக்கெட்டும் பாயுமாக நிற்கிறான், வேர்த்து வடிகிறது. வயது என்ன இருக்கும், நம்ம வயதுதான். நானும் டிப்ளமாவுக்குப் போயிருக்கலாம், பத்தாவதோடு விட்டுவிட்டுப் போயிருந்தால் பிசிக்ஸும் கிடையாது, புளியமரமும் கிடையாது, இந்தப் பட்டியலில் நானும் இருந்திருப்பேன், அழியாமல். நான் வராந்தாவில் நிற்பேன், இவன் இங்கே உட்கார்ந்து என்னை விரட்டுவான். விரட்டுவானா. முகத்தைப் பார்த்தால் விரட்டுகிற ஆளாகத் தெரியவில்லை. கொஞ்சம் மாறுகண், மேல் உதட்டில் பூனை மயிர். எவன்டே என்னைய இப்படி அலைக்கழிக்கது என்று கேட்கிறான். நான்தான், கோவிக்காதே, ஓர் அண்ணனுக்கு வேலை போகாமல் இருக்கணும். ஆருக்கு வேல போனா எனக்கென்ன, கால் வலிக்கு. சரி, உள்ளே வா. எந்த அறை? இதுதான், இரண்டு, இங்கேயே இரு. பாயை விரிக்கட்டுமா? விரி. அவன் சந்தேகத்தோடு பார்க்கிறான், பாயின் ஒரு மூலையை மட்டும் விரித்துவிட்டு நிற்கிறான், யாரும் கதவைத் தட்டவில்லை, மறு மூலையையும் விரிக்கிறான். தலையணையைத் தட்டிப் போடுகிறான். ஜன்னலுக்கு வெளியே காற்றாடிகள் சுற்றுகின்றன, பெரிய பெரிய வெள்ளை இறக்கைகள், நிதானமாக, எதற்கும் அவசரம் இல்லாத மாதிரி. காதில் அந்த ஙொய் குறைந்திருக்கிறது. சட்டை காய்ந்திருக்கிறது. அம்மா சோற்றுப் பாத்திரத்தில் இன்று என்ன வைத்தாள், நெத்திலியாக இருக்கும், காலையில் மணம் வந்தது. ஆதிலிங்கம் பக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் காலை நீட்டிப் படுக்கிறான். படு. கொஞ்ச நேரம் படு. அவன் கண்ணை மூடுகிறான், வாய் லேசாகத் திறக்கிறது, மூச்சு ஏறி இறங்குகிறது, ஏறி இறங்குகிறது, பார்க்கப் பார்க்க இவனுக்கும் மூச்சு அதே மாதிரி.

இன்டர்காம் அடித்தது.

"தம்பி, புடுங்கிட்டேன். ரெண்டையும். வாச்சுமேன் சோத்துக் கையோட வந்து திறந்து தந்தாரு."

"எப்போ?"

"இப்பத்தான். கையில வச்சிருக்கேன் வயர. புடுங்கப் போகும்போது அந்தப் பச்ச லைட்டு என்னமா மின்னிச்சு தெரியுமா, கடகடன்னு. நான் ஷாக் அடிச்சிருமோன்னு பயந்து, அது நிக்கட்டும்னு கொஞ்சம் பாத்து நின்னேன். நின்னதும் புடுங்கிட்டேன்."

மெயின் சர்வர் நகலைக் கூப்பிட்டுச் சொல்லும்போதுதான் அது அப்படி மின்னும்.

"தம்பி? சரியாச்சுதா?"

திரையில் ஆதிலிங்கம் அறை இரண்டில் இருந்தான். அதற்குக் கீழே கர்சர் கட்டம் மட்டும் மின்னியது. வலது கை கீபோர்டில் இல்லை, மடியில் கிடந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. அதை எப்போது எடுத்து மடியில் வைத்தான் என்று யோசித்தான், தெரியவில்லை. தங்கபுஷ்பம் அக்கா ரிசீவருக்குள் இன்னும் தம்பி தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ பைக்கை நிறுத்துகிற சத்தம், அண்ணனாக இருக்காது, அவ்வளவு சீக்கிரம் வர முடியாது, திசையன்விளைகூடத் தாண்டியிருக்க மாட்டார், ஓட்டிக்கொண்டிருப்பார், பயல் கையை நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பார். கைய நிப்பாட்டாத, வேற ஒண்ணும் நீ செய்யாண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். அந்த ஒன்றைத்தான் அவன் செய்யவில்லை.